நைனா கட்டிய லேப்

"நீயே தொற அம்மணி" என்று சாவியை என் கையில் வைத்தார் நைனா.

ஆயுத பூஜை நாள். கோயமுத்தூர் கணபதியில் இருந்த எங்கள் மோட்டார் பம்புப் பட்டறையைக் காலையிலேயே கழுவி விட்டிருந்தார்கள். லேத்துக்கும் ட்ரில்லிங் மெஷினுக்கும் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, கதம்பம் சுற்றியிருந்தது. வாசலில் வாழைக்கன்று. கட்டிங் ஆயிலும் சாம்பிராணியும் கலந்து ஒரு வாசனை வரும் பாருங்கள், அது வருஷத்தில் அன்று ஒரு நாள்தான் வரும். எனக்கு அதுதான் பண்டிகை வாசனை. மற்றவர்களுக்குத் தலைவலி வரும் என்று கேள்வி.

பட்டறைக்குப் பின்னால், சரியாக வராத வார்ப்புகளைக் குவித்து வைக்கிற இடம் ஒன்று இருந்தது. நான் வெளியூரில் இருந்த மாதங்களில் அந்தக் குவியல் காணாமல் போய், அங்கே புதுக் கட்டடம் ஒன்று முளைத்திருந்தது. ஷீட் கூரை, பச்சைக் கதவு, கதவுக்கு மேல் மாவிலை. நைனா, அம்மா, போர்மேன் பழனிசாமி அண்ணன், பட்டறை ஆட்கள் எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். பழனிசாமி அண்ணன் கையில் கற்பூரத் தட்டு.

திறந்தேன். டியூப் லைட்டுகள் ஒவ்வொன்றாகக் கண் சிமிட்டி எரிந்தன.

சுவரை ஒட்டி நீளமாக ஒரு மேடை, மேலே கடப்பைக் கல். அதில் இரும்பைக் கவ்விப் பிடிக்க ஒரு பெஞ்ச் வைஸ். மூலையில் புத்தம் புதிய சின்ன லேத். த்ரீ பேஸ் லைன் இழுத்து, வரிசையாக பிளக் பாயின்ட். கை கழுவ ஒரு தொட்டி, புகை போக ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். நடுவில் மாலை போட்டு ஒரு ஆசிலாஸ்கோப். மின்சாரம் அலை அலையாக வருவதைத் திரையில் காட்டுகிற கருவி அது. அதன் நெற்றியிலும் குங்குமம்.

"பாப்பாவுக்கு லேப்பு" என்றார் நைனா, எல்லோருக்கும் பொதுவாக. "இனிமே ஆராய்ச்சியெல்லாம் இங்கயேதான்."

அன்று நான் ஊருக்கு வந்ததே அவரிடம் ஒரு விஷயம் சொல்வதற்குத்தான். வடக்கே, ரயிலில் ஒன்றரை நாள் தூரத்தில், ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்திருந்தது. ஜனவரியில் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடம் இன்னொருவருக்குப் போய்விடும். பூஜை முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. "எப்பிடி இருக்குது?" என்று கேட்டார்.

"நல்லா இருக்குங்க நைனா" என்றேன். வேறு என்ன சொல்லச் சொல்கிறீர்கள்?

வீட்டுப் பாஷை

இந்தத் தொடரை இந்த வாரம்தான் எடுத்துப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நைனா என்றால் அப்பா. எங்கள் முன்னோர் எப்போதோ தெலுங்கு தேசத்திலிருந்து வந்து, உடுமலைப்பேட்டைப் பக்கம் கரிசலும் தென்னையுமாக விவசாயம் பார்த்தவர்கள். நைனாதான் குடும்பத்தில் முதன்முதலாகக் கோயமுத்தூருக்கு வந்து பட்டறை போட்டார். வீட்டில் எங்கள் பேச்சு பாதி தெலுங்கு, பாதி தமிழ். அந்தத் தெலுங்கை ஹைதராபாத்தில் ஒருமுறை பேசிப் பார்த்தேன். கடைக்காரர் என்னிடம் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்துவிட்டார். ஆகவே எல்லாவற்றையும் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

நான் ஒரே பிள்ளை. நைனா என்னை அம்மணி என்பார், பாப்பா என்பார், குஷியாக இருந்தால் கண்ணு என்பார். கோபம் வந்தால் மட்டும் 'ங்க' போட்டுப் பேசுவார். பத்தாம் வகுப்பில் ஒருமுறை பொய் சொல்லிவிட்டு சினிமாவுக்குப் போய் வந்தபோது, "வாங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அடித்திருந்தால் தேவலை.

அவர் எஞ்சினீயர் இல்லை. ஆனால் இரும்பில் அவர் கைக்கு அடங்காதது எதுவும் கிடையாது. நான் ப்ளஸ் டூ முடித்துவிட்டு பி.எஸ்ஸி. பிசிக்ஸ் எடுத்தபோது சொந்தக்காரர்கள் அத்தனை பேரும், "ஏனுங்க, இன்ஜினீயரிங் சீட்டு கிடைக்கலீங்களா?" என்று துக்கம் விசாரித்தார்கள். நைனா மட்டும் விட்டுக் கொடுக்கவில்லை. பாப்பா சயின்டிஸ்ட் ஆகப் போகிறாள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிசிக்ஸ் என்றால் அவருக்கு மெஷினுக்கெல்லாம் தாய் மெஷின். கொஞ்சம் கரன்ட்டில் நிறைய தண்ணீர் இறைக்கிற பம்பை நான் ஒருநாள் கண்டுபிடிப்பேன் என்று நினைத்திருந்தார்.

அது என் பிசிக்ஸ் இல்லை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் விளக்கமாகச் சொன்னதில்லை. அவர் கேட்டதில்லை.

வெள்ளகோவில் அம்மா கேட்டது

போன வாரம் வெள்ளகோவிலிலிருந்து ஒரு அம்மா பத்திரிகை அலுவலகத்துக்கு போன் செய்திருக்கிறார். அவருடைய மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாளாம். தியரிட்டிகல் பிசிக்ஸ்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். அதற்கு என்னதான் படிக்க வேண்டும் என்று உங்கள் கட்டுரையாளரைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றாராம்.

அம்மா, கேட்டுக்கொள்ளுங்கள். பிசிக்ஸ்காரர்களில் இரண்டு வகை. ஒரு வகையார் கருவி வைத்து அளந்து பார்ப்பவர்கள். இன்னொரு வகையார் உட்கார்ந்து, அது ஏன் அப்படி இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள். உங்கள் மகள் இரண்டாவது வகையில் சேரப் பார்க்கிறாள். நான் அந்த வகைதான்.

முதலில் பிசிக்ஸில் ஒரு பட்டம். பிறகு எம்.எஸ்ஸி. இரண்டையும் சேர்த்து ஐந்து வருஷப் படிப்பாகவும் இப்போது வைத்திருக்கிறார்கள். கணக்குப் பாடம் பயப்படாமல் வர வேண்டும், பிசிக்ஸைவிட அதுதான் முதலில். அப்புறம் நாடு முழுக்க நடக்கிற நுழைவுத் தேர்வு. அது முடிந்தால் நேர்முகம். நாலு பேர் உட்கார்ந்துகொண்டு, போர்டுக்கு முன்னால் நிற்க வைத்து உரித்து எடுப்பார்கள். அதில் தப்பித்தால் முனைவர் பட்டம், ஐந்து வருஷம், ஆறு வருஷம். அத்தோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். போஸ்ட்டாக் என்று ஒன்று இருக்கிறது. பட்டம் வாங்கிய பிறகும் இந்த ஊரில் இரண்டு வருஷம், அந்த ஊரில் இரண்டு வருஷம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவது. அதற்கப்புறம், அதிர்ஷ்டம் இருந்தால், வேலை. இதற்குள் கூடப் படித்தவள் தன் பிள்ளைக்குக் காது குத்தி, பள்ளிக்கூடத்திலும் சேர்த்திருப்பாள்.

நான் அப்படி இரண்டாவது ஊரில், கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தபோதுதான் நைனா காலமானார். டிக்கெட் கிடைத்து, வண்டி மாறி மாறி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கணபதி வீட்டில் சேர்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் அம்மா. படிப்பு விவரம் கேட்டால் முழுசாகத்தான் சொல்ல வேண்டும்.

தப்பு என்று சொல்லாத ஊர்

எங்கள் ஊர்க்காரர்களின் மரியாதையைப் பற்றி எல்லோரும் சிலாகிப்பார்கள். நியாயம்தான். ஆனால் அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. எங்கள் ஊரில் யாரும் யார் முகத்துக்கு எதிரிலும் 'நீ செய்வது தப்பு' என்று சொல்ல மாட்டார்கள். நாக்கு வராது.

பட்டறையில் பார்த்திருக்கிறேன். நைனாவுக்கு ஏதாவது ஒரு யோசனை வந்து, இம்பெல்லரை மாற்றி ஒரு படம் போட்டுக் கொண்டுவருவார். தண்ணீரைச் சுழற்றித் தள்ளுகிற சக்கரம்தான் இம்பெல்லர். பழனிசாமி அண்ணன் அந்தப் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார். "நல்லா இருக்குதுங்க மொதலாளி. ஒண்ணே ஒண்ணு ஊத்திப் பாத்துக்கலாமுங்களா?" என்பார்.

ஒன்று மட்டும் வார்த்துப் பார்க்கலாமா என்பதற்கு அர்த்தம், இது வேலைக்கு ஆகாது, மூட்டை கட்டி வையுங்கள் என்பது. நைனாவுக்கு அது ஸ்பஷ்டமாகப் புரியும். "ஆகட்டும், பாக்கலாம்" என்று படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். மறுநாள் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். இரண்டு பேர் மானமும் காப்பாற்றப்பட்டது. இப்படியே அவர்கள் எத்தனையோ வருஷம் ஓட்டினார்கள். ஒரு நாளும் அந்த இரண்டு பேருக்கு நடுவில் 'தப்பு' என்ற வார்த்தை வந்ததில்லை.

படிப்பிலும் எனக்கு இதேதான் வாய்த்தது. கல்லூரியில் முதல் மார்க் வாங்குகிற பெண் நான். விடையில் ஏதாவது இடறியிருந்தால்கூட, வாத்தியார்கள் "நல்லா பண்ணியிருக்கம்மா, இன்னொரு தடவை பாத்துக்கோ" என்பார்கள். நான் பார்க்க மாட்டேன். நல்லா பண்ணியிருக்கே என்பதோடு என் காது மூடிக்கொள்ளும்.

காந்தமே இல்லாத உலகம்

எம்.எஸ்ஸி. நடுவில் ஒரு கோடை விடுமுறைக்கு, பெங்களூர்ப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பயிற்சிக்குப் போனேன். கொடுத்த கணக்கு காந்தத்தைப் பற்றியது. ஒரு இரும்புத் துண்டுக்குள் கோடானுகோடி குட்டிக் காந்தங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவை எல்லாம் ஒரே திசையைப் பார்த்தால்தான் அந்தத் துண்டு காந்தமாகும். வெளியிலிருந்து யாரும் பிடித்து இழுக்காமலே அவை எப்படி ஒரே திசைக்குத் திரும்புகின்றன என்று கணக்குப் போட வேண்டும்.

போட்டேன். அழகாக, பக்கம் பக்கமாக. ஒரு மதியம் எல்லோர் முன்னாலும் போர்டில் எழுதிக் காட்டினேன். பாதியிலேயே பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. வங்காளத்துப் பெண், எனக்குச் சில வருஷம் சீனியர். கடலை கொறித்துக்கொண்டே, "தப்பு" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாக்பீஸோடு நின்றேன். அவள் எழுந்து வந்து, நான் மேலே எழுதியிருந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். குட்டிக் காந்தங்களை முதலில் எண்ண முடியாத அளவுக்குப் பெருக்கிவிட்டு, அப்புறம்தான், கணக்குக்காக வெளியிலிருந்து கொடுத்த சின்ன இழுப்பை நீக்க வேண்டும். நான் இழுப்பை முதலில் நீக்கிவிட்டேன். வரிசை மாறினால் விடை எல்லா இடத்திலும் பூஜ்யம். "உன் கணக்குப்படி உலகத்தில் காந்தமே இருக்க முடியாது, தெரியுமா?" என்றாள்.

எங்கள் பட்டறையில் இரும்புத்தூள் பொறுக்க ஒரு பெரிய காந்தம் ஆணியில் தொங்கும். பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். அது இருக்கவே முடியாது என்று நிரூபித்துவிட்டு நான் கெத்தாக நின்றிருக்கிறேன், பாருங்கள்.

பாத்ரூமில் போய் அழுதேன்.  என்னமோ அவள் என் தலைமுடியைப் பிடித்து நடுரோட்டில் இழுத்துப் போட்ட மாதிரி இருந்தது. பிறகு, ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து வரிசையைச் சரி செய்து மறுபடி போட்டேன். காந்தம் வந்தது. தாளில், என் கைப்பட, காந்தம் வந்தது. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எந்த முதல் மார்க்கும் எனக்கு அந்தச் சந்தோஷத்தைத் தந்ததில்லை.

அதற்கப்புறம் அந்த விடுமுறை முழுக்க அவளையே சுற்றிச் சுற்றி வந்தேன். சொல்லு, எங்கே தப்பு, எந்த வரியில், என்று. அங்கே எல்லோரும் அப்படித்தான் கேட்டார்கள். பெரிய பேராசிரியரைச் சின்னப் பையன் நிறுத்துவான். அவர் கோபப்படாமல், "எங்கே?" என்று திரும்பிப் பார்ப்பார். எனக்கு மட்டும் நாக்கு எழவில்லை. முதல் தடவை ஒரு ஆளை மறுக்க எழுந்தபோது, "ரொம்ப நல்லா இருக்கு, ஆனா ஒரே ஒரு சின்ன சந்தேகம்" என்று இழுத்தேன். சபையே சிரித்தது. பழனிசாமி அண்ணன் இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்.

இந்த வேலைக்கு நான் லாயக்கு என்று எனக்குத் தோன்றியது எல்லோரும் சிரித்த அந்த அறையில்தான்.

பச்சைக் கதவுக்குள்

ஆயுத பூஜைக்கே வருகிறேன். பொரியும் கடலையும் இனிப்பும் வாங்கிக்கொண்டு ஆட்கள் கிளம்பிப் போனார்கள். அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மதியம் சாய்கிற நேரம். லேப்பில் நானும் நைனாவும் மட்டும்.

அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஆசிலாஸ்கோப் பழையதுதான், ஒரு கல்லூரி கழித்துப் போட்டதை உக்கடத்துப் பழைய சாமான் கடையில் பிடித்து, ஆள் வைத்துச் சரி செய்திருந்தார். மேடையின் உயரம் என் இடுப்புக்குச் சரியாக இருக்கிறதா என்று நிற்க வைத்துப் பார்த்தார். உள்ளூர்க் கல்லூரியில் ஒரு பேராசிரியரிடம் பேசியும் வைத்திருந்தார். பேருக்கு அங்கே பதிவு செய்துகொண்டு, ஆராய்ச்சியை வீட்டிலிருந்தே பார்க்கலாமாம். உனக்கு ஹாஸ்டல் சோறு தின்கிற தலையெழுத்து எதற்கு என்றார்.

அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. 

சொன்னேன். வடக்கே இடம் கிடைத்திருக்கிறது, ஜனவரியில் சேர வேண்டும் என்றேன். பிறகு மெதுவாக, "நான் பண்றது தியரிங்க நைனா. அதுக்கு மெஷினு எதுவும் வேண்டாமுங்க" என்றேன்.

வேறு என்ன வேண்டும் என்று கேட்டார். பேப்பர், பேனா, எழுதிப் பார்க்க ஒரு போர்டு என்றேன். அவர் தலையைத் திருப்பி அந்த அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். சந்தனப் பொட்டு இன்னும் ஈரமாக இருந்தது.

இது அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அம்மாவுக்கு முன்னமே விளக்கியிருந்தேன். ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று பிற்பாடு அம்மாவைக் கேட்டதற்கு, அத்தனை ஆசையாகக் கட்டிக்கொண்டிருக்கிற மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது என்றாள். பழனிசாமி அண்ணனும் அரைகுறையாகத் தெரிந்து வைத்திருந்தார். அஸ்திவாரம் தோண்டும்போதே, "பாப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்களா மொதலாளி?" என்றாராம். பம்பு விஷயமாக இருந்தால் அந்தக் கேள்வியின் அர்த்தம் நைனாவுக்கு நொடியில் புரிந்திருக்கும். மகள் விஷயத்தில் புரியவில்லை. பாப்பா வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று சொல்லிவிட்டாராம்.

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கட்டடமும் எழும்பிக்கொண்டே இருந்திருக்கிறது. எங்கள் ஊரில்தான் இப்படி நடக்கும்.

நைனா வைஸின் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு கேட்டார்: "பேப்பரும் பேனாவும் போதும்னா, அதை இங்க உக்காந்து பண்ணக் கூடாதுங்களா?"

'ங்க' வந்துவிட்டது.

அதைவிட, அந்தக் கேள்வி. மெஷின் வேண்டாம் என்று சொல்லி நானே என் காலடி மண்ணைப் பறித்துக்கொண்டேன். பெரிய கருவி அங்கேதான் இருக்கிறது, அதனால் போகிறேன் என்று சொல்ல முடிந்தால் அவர் ஒரு நிமிஷத்தில் ஒப்புக்கொண்டிருப்பார். ஒன்றுமே வேண்டாம், ஆனாலும் போகிறேன் என்றால் என்ன அர்த்தம்? எந்த நேர்முகத்திலும் என்னை யாரும் அப்படி மடக்கியதில்லை.

"பண்ணலாமுங்க" என்றேன். "ஆனா நான் தப்பாப் பண்ணினா, தப்புன்னு சொல்றதுக்கு இங்க ஆள் இல்லீங்க நைனா."

காந்தக் கதையை முழுக்கச் சொன்னேன். வரிசை மாறியதை, அழுததை, சரியாக வந்ததை. தனியாக உட்கார்ந்திருந்தால் அந்தத் தப்பை வைத்துக்கொண்டே ஆயுசு முழுக்க நிம்மதியாக இருந்திருப்பேன் என்றேன்.  நான் முடித்ததும், "ஆகட்டும்" என்றார். லைட்டை அணைத்து, கதவைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆகட்டும்

அந்த 'ஆகட்டும்' போதும் என்று நான் எடுத்துக்கொண்டேன். இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள், அந்தச் சொல்லில் எத்தனை விதம் உண்டு என்று தெரிந்தவள், எனக்கு வேண்டிய விதத்தை எடுத்துக்கொண்டு சந்தோஷமாகத் துணி அடுக்க ஆரம்பித்தேன்.

நைனா தடுக்கவும் இல்லை. கல்யாணப் பேச்சோடு வந்த சொந்தக்காரர்களிடம், பாப்பா மேலே படிக்கப் போகிறது என்று அவரே சொல்லி அனுப்பினார். வடக்கே குளிருமே என்று ஸ்வெட்டர் வாங்கி வந்தார். எனக்குப் பெட்டி தேடி அலைந்து, சக்கரம் ஒழுங்காக உருளுகிறதா என்று கடைத் தரையில் உருட்டிப் பார்த்து எடுத்தார். லேப்பைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. அவர் அந்தக் கதவைத் திறந்து நான் பார்க்கவில்லை. பிற்பாடு அது பட்டறைக்கு ஸ்டோர் ரூம் ஆகிவிட்டது.

தாராபுரத்திலிருந்து அத்தை ஒருத்தி வந்து, ஒற்றைப் பிள்ளையை இப்படித் தேசம் கடத்துகிறாயே என்று அவரைக் கேட்டாள். அவர் அவளுக்கும் "பாக்கலாம், ஆகட்டும்" என்றார். நான் உள்ளறையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்குச் சொன்னதும் அவளுக்குச் சொன்னதும் ஒரே சொல் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ரயிலடி

பொங்கல் நெருங்குகிற சமயம். காலை வண்டி. அம்மா வந்தால் பிளாட்பாரத்திலேயே அழுதுவிடுவாள் என்று வீட்டிலேயே நின்றுகொண்டாள். நைனா மட்டும் வந்தார்.

பெட்டியை என்னிடம் கொடுக்கவே இல்லை. படி ஏறி, படி இறங்கி, அவரே தூக்கிக்கொண்டு வந்தார். பெர்த்துக்கு அடியில் தள்ளி, சங்கிலி போட்டுப் பூட்டி, இழுத்துப் பார்த்தார். எதிர் சீட்டில் ஒரு குடும்பம் இருந்தது. அவர்களிடம், குழந்தை தனியாகப் போகிறது, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயசு. தண்ணீர் பாட்டிலும் இரண்டு தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போய், ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

நேரம் இருந்தது.  பக்கத்துப் பிளாட்பாரத்தில் ஏதோ பாசஞ்சர் வந்து நின்று, ஜனம் இறங்கிப் போனது. நைனா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என் பக்கம் திரும்பாமலே, "தப்புன்னு சொல்றதுக்கு ஆள் வேணும்னுதான போற?" என்றார்.

"ஆமாங்க நைனா."

"நான் சொல்றேன் அம்மணி. நீ போறது தப்பு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. வார்ப்பைக் கெடுத்தவனிடம் சொன்னதில்லை, சரக்கு வாங்கிவிட்டு ஏமாற்றியவனிடம் சொன்னதில்லை. நான் கேட்டேன் என்பதற்காக, எனக்காக, அதைச் சொல்லப் பழகிக்கொண்டு வந்திருக்கிறார். இந்த மூன்று மாதமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாரோ என்னவோ. ஸ்வெட்டர் வாங்கும்போதும், பெட்டியை உருட்டிப் பார்க்கும்போதும்.

கோபமில்லை. 'ங்க' இல்லை. வெறுமனே சொன்னார்.

அந்தக் கோடையில் ஒட்டிக்கொண்ட பழக்கம், யோசிக்காமல் என் வாயில் வந்துவிட்டது. "எங்கீங்க நைனா தப்பு?" என்று கேட்டேன். எந்த வரியில் என்று கேட்பது போல.

அவர் இப்போது என்னைப் பார்த்தார். நான் கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கொஞ்சம் யோசித்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"எனக்கு நீ ஒருத்திதான கண்ணு" என்றார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் காத்துக்கொண்டு நின்றார், போர்டுக்கு முன்னால் நிற்கிற ஆளுக்கு நேரம் கொடுப்பதுபோல.  எதிர் சீட்டு அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வண்டி நகர்ந்தது. நான் இறங்கவில்லை.